இரண்டரை மணி நேரம்

செம்பனை ஆலை எடைமேடையில்
லாரி குலைகளோடு ஏறும்போது ஒரு எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை.
கழித்து எழுதுவது என் வேலை.
பதினோரு வருடத்தில்
ஒரு முறைகூடத் தப்பாகக் கழித்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன்,
குணசீலன் போனது சப்தமியில்.

தெலுக் இந்தான் மருத்துவமனை.
சுவர்க் கடிகாரத்தில் காலை ஏழு ஐந்து.
தாதி போர்வையை இழுத்துவிட்டு
நேரத்தை மலாயில் எழுதினாள்.
சன்னலுக்கு வெளியே
அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

கோயிலில் கொடுத்த நாட்காட்டி
இந்தியாவில் கணித்து
கிள்ளானில் அச்சடித்தது.
'சப்தமி காலை 4.48 வரை, பின்பு அஷ்டமி'
கொழுந்தன் மருதையன் விரல் வைத்துப் படித்தான்.
"அஷ்டமிதான் அண்ணி."
நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்,
பொத்திய கைக்குள்ளேயே சொன்னாள்:
அஷ்டமியில் போன உயிர்
வீட்டைச் சும்மா விடாது.

அன்றிலிருந்து
குழாய் உடைந்தால் அஷ்டமி.
மகன் கணக்கில் தோற்றால் அஷ்டமி.
நான் கார் லைசன்ஸ் எடுத்தேனே,
அதுவும் அஷ்டமி செய்த வேலை.

நாலு நாற்பத்தெட்டு
இந்தியாவின் நாலு நாற்பத்தெட்டு.
அங்கே அது ஆகும்போது
ஹூத்தான் மெலிந்தாங்கில் ஏழு பதினெட்டு.
அவர் கண் மூடியபோது
இன்னும் பதின்மூன்று நிமிடம்
சப்தமி பாக்கி இருந்தது.

எடைச் சீட்டின் பின்புறம் போட்டுக் காட்டினேன்.
"நிலாவுக்கு ஏது அண்ணி மலேசிய நேரம்?"
என்றான் மருதையன்.
அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன்.
அவன் நாட்காட்டியை ஆணியில் திரும்ப மாட்டினான்.

இரண்டு வருடம் அவர்களோடு அஷ்டமியில் படைத்தேன்.
இந்த வருடம்
தனியாக விடுமுறைப் பாரம் நிரப்பினேன்.
காரணம்: கணவர் இறந்த நாள்.
அலுவலகத்தில் நூருல் பழைய கோப்பைப் புரட்டினாள்.
"போன வருடம் அக்டோபரில் இறந்தார்,
இந்த வருடம் நவம்பரிலா, அக்கா?"
பிறை கணக்கு என்றேன்.
அவள் பேனாவைக் கடித்தபடி யோசித்தாள்,
"எங்கள் நோன்பு மாதிரி" என்று
முத்திரை குத்தினாள்.

சப்தமி காலை.
சோறு, பருப்பு, வாழைக்காய்,
அவர் மட்டுமே விரும்பித் தின்ற பாகற்காய்.
இலையை மதில்மேல் வைத்துக் கூப்பிட்டேன்.
கா என்றேன். காகா என்றேன்.
முந்தின வாரம்தான்
நகராண்மைக் கழகத்து ஆட்கள்
சந்தைப் பக்கம் காகங்களைச் சுட்டுப் போயிருந்தார்கள்.
ஒரு காகத்துக்கு இவ்வளவு என்று கூலியாம்.
அதையும் யாரோ எண்ணி எழுதியிருப்பார்கள்.

பத்து மணி.
எலி பிடிக்கத் தோட்டத்தார் வைத்த கூண்டில்
ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
பதினொன்று.
மழை வந்தது, சோறு ஊறிப் பெருத்தது.
பாகற்காய் மட்டும்
இலையோரம் மிதந்து விழுந்தது.
நான் சாப்பிடவில்லை.

மறுநாள் எடைமேடையில் இருந்தபோது
மருதையன் படம் அனுப்பினான்.
இரண்டாம் டிவிசனில் அவன் வீட்டுக் கூரை,
இலை, இலைமேல் ஒற்றைக் காகம்.
'அண்ணன் வந்துட்டாரு' என்று எழுதி
கும்பிடும் கை மூன்று.

ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இரு என்று கை காட்டினேன்.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.
காகத்தின் வலது கால்
ஓட்டில் படவில்லை. மடங்கித் தொங்கியது.
இறக்கையோரம் கொஞ்சம் சிறகு இல்லை.

என் வீட்டு மதிலிலிருந்து
அவன் கூரைக்கு ஒன்பது கிலோமீட்டர்.
இந்தக் காலோடு, இந்த இறக்கையோடு, மழையில்.

நேற்றே புறப்பட்டிருக்க வேண்டும்.

பதில் எதுவும் போடவில்லை.
லாரி ஏறியது.
முள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.